நூல் அறுகலீங்க, துணிதான் நைஞ்சிருந்துச்சு

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

நான் ஈரோடு பக்கம் ஒரு சின்ன டவுன்ல 31 வருசமா டெய்லர் கடை வச்சிருக்கேன். பேப்பருக்கு லெட்டர் எழுதியெல்லாம் பழக்கமில்ல, செல்லுல டைப் பண்ணி அப்படியே அனுப்பறேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க, வெட்டறதே தொழிலா இருக்கறவனுக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்ல. ஆனா நடுவுல அளவு நம்பருங்க வருது பாருங்க, அத மட்டும் விட்றாதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஆளோட ஒடம்புல சத்தும் சதையும் எவ்வளவு இருக்குன்னு அளந்து பாக்கணும்னு சொல்லத்தான் எழுதறேன்.

எங்க அண்ணனுக்கு 64 வயசு. வருசா வருசம் பொங்கலுக்கு ஒரு சட்ட பேன்ட்டு, ஆடி 18க்கு ஒரு சட்டன்னு நான்தான் தச்சுக் குடுப்பேன். கடைல அளவு நோட்டு வச்சிருக்கேன், 1998ல இருந்து அண்ணன் பேருக்குன்னு தனிப்பக்கம் இருக்கு. போன வருசம் பொங்கலுக்கு எடுத்த அளவு நெஞ்சு 39, இடுப்பு 37. ஆடிக்கு எடுக்கறப்ப நெஞ்சு 36, இடுப்பு 32½. டேப்ப ரெண்டு தடவ சுத்திப் பாத்தேன், நான்தான் தப்பா புடிக்கறேனோன்னு. பேன்ட்டு பெல்ட்டுல ஆணியால ரெண்டு ஓட்ட புதுசா போட்டிருந்தாரு. என்னண்ணா இப்படி எளச்சுட்டீங்கன்னு கேட்டா, சுகர் வரக்கூடாதுன்னு சோறக் கொறச்சுட்டேன்டா, உடம்பு லேசா இருக்குன்னு சிரிச்சாரு. நானும் விட்டுட்டேன். அந்த நாள நெனச்சா இன்னிக்கும் ராத்திரி தூக்கம் வர்றதில்ல. ஏன்னா சோறக் கொறச்சதா அவரு சொன்னாரே ஒழிய, நெசத்துல சோறு எறங்காமத்தான் இருந்துச்சு, ஒன்ற இட்லி சாப்பிட்டா நெஞ்சுக்கு கீழ கல்லு மாதிரி நின்னுக்கும், கொஞ்ச நேரத்துல வாந்தி. எங்க நங்கைக்கு (அண்ணிய எங்க பக்கம் நங்கைன்னு சொல்லுவோம்) மட்டும் தெரியும், வெளிய சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கி வச்சிருந்தாரு.

ஒரு மாசம் கழிச்சு எண்டோஸ்கோப்பி பாத்ததுல இரைப்பையோட கீழ் வாய்கிட்ட கட்டி, கேன்சர்னு வந்துச்சு. ஒரு பெரிய ஆஸ்பத்திரில சேத்தோம், பேரு வேண்டாமுங்க, யாரையும் கொற சொல்றதுக்கு இத எழுதல. சர்ஜன் நல்ல மனுசன், கைராசிக்காரர், எங்ககிட்ட பொறுமையா படம் போட்டுக் காட்டித்தான் சொன்னாரு. ஸ்கேன் எடுத்தாங்க, ஈசிஜி, எக்கோ, ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே, கிட்னி, சுகர், மயக்க டாக்டர் வந்து வாயத் தொறக்கச் சொல்லி கழுத்தத் திருப்பச் சொல்லி பாத்தாரு. எல்லாம் ஓகே, ஃபிட்டுன்னு எழுதி சேத்த ஆறாம் நாளே ஆபரேஷன். நாலரை மணி நேரம். முடிச்சுட்டு வெளிய வந்து கட்டி முழுசா எடுத்தாச்சுன்னு சொன்னப்ப நங்கை அவரு கால்ல விழப் போயிருச்சு.

எட்டாம் நாள் காலைல வயித்துல போட்டிருந்த கட்டு நனைஞ்சிருந்துச்சு. ரத்தமும் இல்ல சீழும் இல்ல, வெளுத்த பிங்க் கலர்ல தண்ணி. நர்சம்மா அதப் பாத்த ஒடனே மொகம் மாறிப்போச்சு, அப்பறம்தான் தெரிஞ்சுது அந்தத் தண்ணி வந்தா உள்ள தையல் விட்டுக்கிட்டிருக்குன்னு அர்த்தமாம். அண்ணன் சளி கட்டி இருமிக்கிட்டே இருந்தாரு, டாக்டர் வர்றதுக்குள்ள ஒரு இருமல்ல வயிறு தொறந்துக்கிச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன். அதுக்கு மேல எழுத வேண்டாம். மறுபடி தியேட்டர், அப்பறம் ஐசியு, நிமோனியா, மொத்தம் 38 நாள்.

அந்த ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி சர்ஜன்கிட்ட கேட்டேன், சார் நானும் தையல்காரன்தான், தப்பா எடுத்துக்காதீங்க, நூல் அறுந்துருச்சான்னு. அவரு ஒரு நிமிசம் பேசாம இருந்துட்டு சொன்னாரு, நூல் அறுகலீங்க, போட்ட முடிச்சு போட்டபடியே இருக்கு, சதைதான் அறுத்துக்கிட்டு வந்துருச்சுன்னு. எனக்கு அதுக்கு மேல வெளக்கமே வேண்டாமுங்க. நைஞ்ச துணிய எடுத்துட்டு வந்து தச்சுக் குடுன்னு கேப்பாங்க, எவ்வளவு நல்ல நூல் போட்டாலும், எத்தன நெருக்கமா தச்சாலும், ஊசி போன ஓட்ட வழியாவே கிழியும். நெருக்கமா தச்சா இன்னும் சீக்கிரம் கிழியும். அதனாலதான் நாங்க ஊசி கோக்கறதுக்கு முன்னாடி துணிய ரெண்டு கையிலயும் புடிச்சு லேசா இழுத்துப் பாப்போம். எங்க அண்ணன யாரும் இழுத்துப் பாக்கல, அதச் சொல்லத்தான் இந்த லெட்டர்.

எம் பொண்ணு டயட்டீசியன் படிச்சுட்டு வேற ஊர்ல ஆஸ்பத்திரில வேல பாக்குது. லீவு போட்டு வந்து பெரியப்பா பக்கத்துல ஒக்காந்து கேஸ் ஷீட்ட பொரட்டிப் பாத்துச்சு. மொத பக்கத்துலயே ஒரு வரி. "மாடரேட்லி பில்ட், மாடரேட்லி நரிஷ்டு". அதாவது நடுத்தரமான உடம்பு, நடுத்தரமான போஷாக்கு. யாருப்பா இத எழுதுனதுன்னு அதுக்கு கோவம். அப்பறம் அதுவே சொல்லுச்சு, இது யாரும் பாத்து எழுதறதில்லப்பா, படிக்கற காலத்துல இருந்து கை தானா எழுதிப் பழகுன வரி, ரொம்ப குண்டா இல்லாம எலும்புக்கூடாவும் இல்லாம யாரு வந்தாலும் இதுதான்னு. நோட்டுல பொங்கல் அளவையே ஆடிக்கும் காப்பி அடிச்சு வச்சா நான் தைக்கற சட்ட எப்படி இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்.

எடை போட்டிருந்தாங்க, இல்லேன்னு சொல்ல மாட்டேன். 56 கிலோ. ஒசரம் 165. அத வச்சு பிஎம்ஐ, அதாவது ஒசரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்கற கணக்கு போட்டா 20.6 வருது, அது நார்மல். அங்கதான் விசயமே தப்புச்சு. அவரு பிரசர் மாத்திரை வாங்கற நோட்டுல தை மாசம் 68 கிலோன்னு எழுதியிருக்கு. 68ல இருந்து 56ன்னா 12 கிலோ, நூத்துக்கு 17க்கு மேல போயிருக்கு, அதுவும் ஆறேழு மாசத்துக்குள்ள. ஒலகம் பூரா இருக்கற ஊட்டச்சத்து டாக்டருங்க சேந்து 2019ல க்ளிம்னு ஒரு கணக்கு கொண்டு வந்திருக்காங்களாம். அதுல ஆறு மாசத்துல எடை நூத்துக்கு 5க்கு மேல கொறஞ்சு, கூடவே சாப்பாடு எறங்கலேன்னாலோ ஒடம்புல இப்படி ஒரு நோய் இருந்தாலோ அது மால்நியூட்ரிஷன், அதாவது சத்துக் கொறவு. 10க்கு மேல போனா அது கடுமையான மால்நியூட்ரிஷன், பிஎம்ஐ எவ்வளவு இருந்தாலும் சரி. இன்னிக்கு எத்தன கிலோன்னு கேட்டா பத்தாது, ஆறு மாசத்துக்கு முன்னாடி எத்தன கிலோன்னு கேக்கணும். அந்த ஒரு கேள்விய யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் அண்ணனுக்கு சொல்லத் தெரியாது, நம்ம சனங்க எத்தன பேரு எடை போட்டு எழுதி வைக்கறோம், அந்தக் காலத்துல ரயில்வே ஸ்டேசன் மிஷின்ல காசு போட்டா அட்டை வரும், அதோட சரி. ஆனா பெல்ட்டு ஓட்ட சொல்லும், ஜாக்கெட்டு புடிச்சுத் தைக்க வந்த அம்மா சொல்லும், மோதரம் நழுவி சோப்பு தண்ணில விழுந்தது சொல்லும். டொரண்டோல 1987லயே எஸ்ஜிஏன்னு ஒரு முறைய எழுதி வச்சிருக்காங்களாம், மிஷினே வேண்டாம், சாப்பாடு எப்படி, எடை எப்படி, நடமாட்டம் எப்படின்னு கேட்டுட்டு கையால தொட்டுப் பாக்கறது, நெத்திப் பொட்டுல குழி இருக்கா, தோள்பட்ட எலும்பு முட்டிக்கிட்டு நிக்குதா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதை பள்ளமாயிருச்சான்னு. பத்து நிமிசத்து வேலைதானாம்.

இது ஒண்ணும் நேத்து கண்டுபுடிச்ச சேதியும் இல்லீங்க. அமெரிக்காவுல க்ளீவ்லேண்டுல ஹைரம் ஸ்டட்லின்னு ஒரு சர்ஜன் 1936லயே எழுதிட்டாரு. அல்சருக்கு ஆபரேஷன் பண்ண 46 பேர எடுத்துப் பாத்திருக்காரு. ஆபரேஷனுக்கு முன்னாடி எடைல நூத்துக்கு 20க்கு மேல எழந்தவங்கள்ல மூணுல ஒருத்தர் செத்துப் போயிருக்காங்க, மத்தவங்கள்ல நூத்துக்கு 3.5 பேரு. வயசு, இருதயம், எந்த மாதிரி ஆபரேஷன்னு எல்லாத்தையும் பாத்துட்டு எடைதான் காரணம்னு சொல்லியிருக்காரு. 1936ங்க! எங்கப்பாவே அப்ப பொறக்கல. இத்தன வருசம் கழிச்சும் எங்க அண்ணன் கேஸ் ஷீட்டுல மாடரேட்லி நரிஷ்டு.

எடை ஒரு பக்கம், சதை இன்னொரு பக்கம். பொண்ணு சொல்லித்தான் இது எனக்கே புரிஞ்சுது. சதைங்கறது மூட்டை தூக்கறதுக்கு மட்டும் இல்ல, ஒடம்போட சேமிப்புக் கணக்கும் அதுதான். கொழுப்புக்கு பத்தாயம் இருக்கு, சக்கரைக்கு ஈரல்ல கொஞ்சம் எடம் இருக்கு, புரோட்டீனுக்குன்னு தனியா குடோன் கெடையாது, சதைதான் குடோன். வயித்தக் கிழிச்சு தச்ச ஒடனே ஒடம்பு அந்த சதையக் கரைச்சுத்தான் புண்ண ஆத்துது, கிருமியோட சண்ட போடுது. கணக்குல பணமில்லேன்னா செக்கு திரும்பும். அது போக மூச்சு விடறதும் இருமறதும் சதையோட வேலதான, சதை போனவனுக்கு சளிய இருமித் துப்ப தெம்பிருக்காது, அது உள்ளயே தங்கி நிமோனியா. நல்லா இருக்கற வயசானவங்கள 10 நாள் பெட்டுலயே படுக்க வச்சுப் பாத்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சில கால்ல மட்டும் ஒரு கிலோ கிட்ட சதை போயிருச்சாம், ஒரு வியாதியும் இல்லாதவங்களுக்கே. எங்க அண்ணன் படுத்தது 38 நாள். இந்த சதைக் கரைசலுக்கு 1989ல ரோசன்பர்க்னு ஒரு அமெரிக்க டாக்டர் சார்கோபீனியான்னு பேரு வச்சாரு, கிரேக்க பாசைல சதைப் பஞ்சம்னு அர்த்தம் வருமாம். நல்ல பேருதான், ஆனா நம்ம ஊர்ல ஒரு டாக்டரு வாயிலயும் நான் அதக் கேக்கல.

இப்ப என் தொழிலுக்கு வர்றேன். சதை இருக்கா இல்லையான்னு பாக்க ஆசியாவுக்குன்னு தனியா ஒரு கணக்கு இருக்கு, 2019ல ஜப்பான், கொரியா, சீனான்னு பல ஊரு டாக்டருங்க சேந்து போட்டது. அதுல மொத சோதனை என்ன தெரியுங்களா, இஞ்சு டேப்பு! கெண்டைக்கால் சுத்தளவு, அதாவது ஆடுசதைல தடிப்பான எடம். ஆம்பளைக்கு 34 சென்டிமீட்டருக்கு கீழ, பொம்பளைக்கு 33க்கு கீழ வந்தா மேற்கொண்டு பாக்கணும். எங்க கணக்குல ஆம்பளைக்கு 13½ இஞ்சுக்கு ஒரு நூல் (இஞ்சுல எட்டுல ஒரு பங்கு) கம்மி, பொம்பளைக்கு சரியா 13. ஆஸ்பத்திரி பெட்டுலயே அண்ணன் கெண்டைக்கால அளந்தேன். 11½. அதுலயும் பாதத்துல லேசா வீக்கம், கட்டைவிரலால அமுக்குனா குழி விழுந்துச்சு, அப்ப தண்ணிய கழிச்சா 11தான் இருக்கும். அளக்கறதுலயும் ஒரு பக்குவம் இருக்கு, சொல்லிட்றேன். டேப்பு தோல அமுக்கக்கூடாது, தொளதொளன்னும் தொங்கக்கூடாது, மேலயும் கீழயும் நகத்திப் பாத்து எங்க பெருசோ அந்த அளவத்தான் எடுக்கணும், கால தொங்கப்போட்டோ நின்னோ எடுக்கணும். கொஞ்சம் குண்டானவங்களுக்கு கொழுப்பு சேந்து அளவு கூடக் காட்டும், அதையும் மனசுல வச்சுக்கணும். டேப்பே வேண்டாம்னா ஜப்பான்காரங்க ஒண்ணு பண்றாங்க, ரெண்டு கை கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து வளையம் மாதிரி புடிச்சு சொந்தக் கெண்டைக்கால சுத்திப் பாக்கறது. விரலு முட்டாம நின்னா நல்லது, வளையத்துக்குள்ள கால் லொடலொடன்னு ஆடுச்சுன்னா சதை கொறஞ்சிருக்குன்னு சந்தேகப்படணும். படிச்சுக்கிட்டிருக்கற நீங்களும் இப்பவே குனிஞ்சு புடிச்சுப் பாத்துடுங்க.

அப்பறம் அதே 2019 கணக்குல கைப்புடி பலம். ஒரு புடி மாதிரி மிஷின் இருக்கு, அழுத்திப் புடிச்சா கிலோல காட்டும், ஆம்பளைக்கு 28, பொம்பளைக்கு 18க்கு கீழ போகக்கூடாது. மிஷின் இல்லேன்னா நாற்காலி இருக்கில்ல, கைய மார்ல கட்டிக்கிட்டு அஞ்சு தடவ எந்திரிச்சு ஒக்காரணும், 12 செகண்டு ஆச்சுன்னா பலம் கொறவு. எங்க அண்ணன் ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரி ஸ்டூல்ல இருந்து தொடைல ரெண்டு கையையும் ஊனித்தான் எந்திரிப்பாரு. நாங்க எல்லாருமே அதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம், வயசாச்சுல்லன்னு விட்டுட்டோம்.

இதுல இன்னொரு கொடும. கேன்சர் எங்கெல்லாம் பரவிருக்குன்னு பாக்க எடுத்த அதே சிடி ஸ்கேன்லயே சதை எவ்வளவு இருக்குன்னு தெரியுமாம். இடுப்பு முதுகெலும்புல மூணாவது எலும்பு எடத்துல ஒரு வெட்டு, அந்தப் படத்துல முதுகு சதை, வயித்து சதை, எலும்புக்கு ரெண்டு பக்கமும் இருக்கற சோவாஸ் சதை எல்லாத்தையும் அளந்து கூட்டி ஒசரத்துக்கு கணக்கு போட்டா மொத்த ஒடம்பு சதையும் ஏறக்குறைய சொல்லிடலாம். புதுசா காசும் செலவில்ல, புதுசா கதிரும் படவேண்டியதில்ல. எடுத்த படத்த இன்னொரு தடவ பாத்தாப் போதும். பொண்ணு அந்தப் படத்த கம்ப்யூட்டர்ல காட்டுச்சு, எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா எலும்புக்குப் பக்கத்துல ரெண்டு புளியங்கொட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்தத இதான்ப்பா பெரியப்பா சதைன்னு சொன்னப்ப புரிஞ்சுது. ரிப்போர்ட்டு மூணு பக்கம், ஈரல் எத்தன சென்டிமீட்டர், மண்ணீரல் எத்தன சென்டிமீட்டர்னெல்லாம் இருக்கு, சதையப் பத்தி ஒரு வரி இல்ல.

ஒல்லியா இருக்கறவங்களுக்குத்தான் இதெல்லாம்னு நெனச்சுறாதீங்க. புனேல யாஜ்னிக்னு ஒரு டாக்டரும் லண்டன்ல யுட்கின்னு ஒரு டாக்டரும் 2004ல ஒரு படம் போட்டாங்களாம், ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிக்கற போட்டோ. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. வெள்ளக்காரருக்கு ஒடம்புல கொழுப்பு நூத்துக்கு 9.1, நம்ம ஆளுக்கு 21.2. நம்ம ஒடம்பு வாகே அப்படி, வெளிய பாத்தா ஒல்லி, உள்ள கொழுப்பு, சதை கம்மி. தொப்பை இருக்கு அதனால நல்லா சாப்பிட்டு வளந்த ஒடம்புன்னு ஆபரேஷனுக்கு அனுப்புனா அதுவும் தப்பு. இடுப்பு 42 இருக்கும், பேன்ட்டு தொடைல புடிக்கச் சொல்லுவாங்க, அந்த மாதிரி கஸ்டமரு எனக்கு வாரத்துக்கு ரெண்டு பேரு வர்றாங்க. தொப்பைக்கு துணி பத்தாது, காலுக்கு துணி மிச்சம்.

ஆல்புமின்னு ரத்தத்துல ஒரு புரோட்டீன் இருக்கு, அந்தக் கதையும் சொல்லணும். தையல் விட்டதுக்கப்பறம் ஆல்புமின் கம்மியா இருக்கு, பாட்டில் வாங்கிட்டு வாங்கன்னு சீட்டு குடுத்தாங்க, ஒவ்வொரு பாட்டிலும் ஆயிரக்கணக்குல, நங்கையோட கம்மல் அதுக்குத்தான் போச்சு. ரத்தத்துல ஆல்புமின் கொறஞ்சா சத்துக் கொறவுன்னு ரொம்ப காலமா நம்பிக்கிட்டு இருந்திருக்காங்க, ஆனா ஒடம்புல கிருமியோ வீக்கமோ இருந்தாலே அது தானா எறங்கும், நல்லா சாப்பிடறவனுக்கும் எறங்கும், அதே சமயம் பட்டினி கெடந்து எலும்பா போனவனுக்கு நார்மலாவும் இருக்கும். அதனால அத ஊட்டச்சத்து கணக்கா எடுக்காதீங்கன்னு அமெரிக்க ஊட்டச்சத்து சங்கமே சொல்லியாச்சாம். ஈரல் வியாதிக்கு அந்த பாட்டில் தேவைப்படும், அத இல்லேங்கல, ஆனா பாட்டில் சோறாகாது. எங்க அண்ணனுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ஆல்புமின் 3.6 இருந்துச்சு, நார்மல்தான். அதப் பாத்துத்தான் சத்தெல்லாம் சரியா இருக்குன்னு விட்டாங்களோ என்னமோ.

சாப்பாடுன்னு சொல்றப்ப நம்ம பக்கத்து தப்பையும் ஒத்துக்கணும். சொந்தக்காரங்க வந்தா ஹார்லிக்ஸ், ஆப்பிள், எளநீ, பிரட்டு. வீட்ல இருந்து கஞ்சி. வயித்துல கட்டி, அதனால லைட்டா கஞ்சிதான் குடுக்கணும், முட்ட சூடு, கறி ஆகாது, பருப்பு வாயுன்னு நாங்களே பத்தியம் வச்சோம். பொண்ணு ஒரு நாள் கணக்கு போட்டுக் காட்டுச்சு. ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சில 2 கிராம் புரோட்டீன் தேறினா பெருசு, இட்லி ஒண்ணுக்கு 2 கிராம், ஒரு டம்ளர் பால்ல 6. எங்க அண்ணன் சாப்பிட்ட சாப்பாட்டுல ஒரு நாளைக்கு 20 கிராம் தாண்டல. பெரிய ஆபரேஷனுக்குப் போறவருக்கு கிலோவுக்கு 1.5 கிராம் வரைக்கும் வேணும், அவரு எடைக்கு 84. ஒரு முட்டைல 6 கிராம் இருக்கு, பாசிப்பருப்ப நல்லா வேக வச்சு கடைஞ்சு வடிகட்டுனா எறங்கியிருக்கும், மோர்ல பால் பவுடர கலக்கலாம், யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. அதுக்கு மேல ஸ்கேனுக்கு வெறும் வயிறு, எண்டோஸ்கோப்பிக்கு வெறும் வயிறு, ஆபரேஷன் தேதி ஒரு தடவ தள்ளிப் போச்சு, அதுக்கும் மொத நாள் ராத்திரி பத்து மணில இருந்து பச்சத்தண்ணி கூட குடுக்காதேன்னுட்டாங்க, மறுநாள் மத்தியானம் மூணு மணிக்கு வந்து இன்னிக்கு இல்லன்னாங்க. சாதாரணமா ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் லேசான சாப்பாடும் ரெண்டு மணி நேரத்துக்கு முன்னாடி வரைக்கும் தெளிஞ்ச தண்ணியும் குடுக்கலாம்னு மயக்க டாக்டருங்களோட விதியே 1999ல இருந்து இருக்காம். அண்ணனுக்கு இரைப்பை அடைச்சிருந்ததால அந்த விதி செல்லாதுதான், ஆனா பக்கத்து பெட்டுல ஹெர்னியாவுக்கு வந்த பையனுக்கும் அதே பச்சத்தண்ணி கூடாதுதான். மூணு பந்து இருக்கற மூச்சுப் பயிற்சி மிஷின் இருக்கு பாருங்க, அத ஆபரேஷனுக்கு மொத நாள் சாயங்காலம் கைல குடுத்து ஊதாதீங்க இழுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க, பத்து நாளைக்கு முன்னாடி குடுத்திருந்தா என்ன.

கேன்சர வச்சுக்கிட்டு தேத்தறதுக்கு ஏது நேரம், கட்டி வளந்துறாதான்னு நீங்க கேக்கலாம், நானும் அதத்தான் கேட்டேன். ஐரோப்பா டாக்டருங்களோட வழிகாட்டில, கடுமையா சத்துக் கொறஞ்சவங்களுக்கு பெரிய ஆபரேஷன 7ல இருந்து 14 நாள் தள்ளி வச்சாவது மொதல்ல ஊட்டம் குடுங்க, கேன்சரா இருந்தாலும் சரின்னு எழுதியிருக்காங்க. வாய் வழியா எறங்கலேன்னா அடைப்பத் தாண்டி கொடலுக்கு மெல்லிசா ஒரு ட்யூபு விடலாம், அதுவும் முடியாட்டி நரம்பு வழியா. ஆனா எல்லாருக்கும் நரம்பு வழியா ஏத்துங்கன்னு சொல்லல, 1991ல அமெரிக்காவுல முன்னாள் பட்டாளத்துக்காரங்களுக்கு அப்படி ஏத்திப் பாத்ததுல ரொம்ப மோசமா இருந்தவங்களுக்குத்தான் பிரயோஜனம், சுமாரா இருந்தவங்களுக்கு கிருமி தொத்துதான் கூடிப்போச்சு. அதனாலதான் யாரு எந்த நெலமைல இருக்காங்கன்னு அளக்காம எதுவும் பண்ண முடியாது. அதே மாதிரி ரொம்ப நாள் பட்டினி கெடந்தவருக்கு ஒரே நாள்ல கொட்டுனாலும் ஆபத்து, ரத்தத்துல பாஸ்பரஸ், பொட்டாசியமெல்லாம் சட்டுனு எறங்கி இருதயமே தடுமாறும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். இதையெல்லாம் வீட்ல நாமளா பண்ணிக்க முடியாதுங்க, ஆள் வேணும். எமர்ஜென்சி கேஸ் வேற, கொடல் ஓட்டையானவருக்கு பத்து நாள் பொறுன்னு யாரும் சொல்லப் போறதில்ல. எங்க அண்ணனுக்கு நேரம் இருந்துச்சு. எண்டோஸ்கோப்பிக்கும் ஆபரேஷனுக்கும் நடுவுல 23 நாள் இருந்துச்சு, அந்த நாளெல்லாம் க்யூவுலயும் பட்டினிலயும் போச்சு.

நம்ம ஊர்ல இதெல்லாம் நடக்கற காரியமான்னு கேப்பாங்க. நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, வேற வியாதிக்கு. எங்க கடைக்கு எதுத்தாப்புல டீ மாஸ்டருக்கு டிபி வந்தப்ப மொத நாளே எடை, ஒசரம் பாத்தாங்க, கால் வீங்கிருக்கான்னு அமுக்கிப் பாத்தாங்க, மூச்ச எண்ணுனாங்க, விரல்ல ஆக்சிஜன் மாட்டுனாங்க, புடிக்காம எந்திரிச்சு நிக்கச் சொன்னாங்க. 2022ல இருந்து தமிழ்நாட்டுல காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுல கண்டுபுடிச்ச ஒடனே இத்தனையும் பாத்து, மோசமா இருந்தா வீட்டுக்கு அனுப்பாம சேத்துக்கறாங்க. ரத்தம் எடுக்கல, பெரிய மிஷின் இல்ல, பாத்தது அங்க இருந்த ஸ்டாஃப்தான். டிபிக்கு பண்ணத் தெரிஞ்ச கவர்மென்ட்டுக்கு ஆபரேஷனுக்கு பண்ணத் தெரியாதுங்களா. காப்பீட்டு அட்டைல ஆபரேஷனுக்கு அனுமதி வாங்கறப்ப ரேஷன் கார்டு காப்பி, ஆதார் காப்பி, ஸ்கேன் காப்பி, போட்டோன்னு எங்கள அஞ்சு எடத்துக்கு அலைய விட்டாங்க, அந்த ஃபாரத்துல ஆறு மாசத்துக்கு முன்னாடி எடை, இப்ப எடை, கெண்டைக்கால் அளவு, அஞ்சு தடவ எந்திரிக்க எத்தன செகண்டுன்னு நாலு கட்டம் சேத்தா போதும். கட்டம் இருந்தா எழுதியாகணும், எழுதணும்னா அளந்தாகணும். மக்களைத் தேடி மருத்துவம் 2021ல இருந்து வீட்டுக்கே வருது, பிசியோதெரபிகாரங்களும் வர்றாங்க, ஆபரேஷனுக்கு தேதி குடுத்த ஆள் வீட்டுக்கு ரெண்டு தடவ போய் நடக்க வச்சு மூச்சு இழுக்க வச்சு என்ன சாப்பிட்டாருன்னு கேட்டுட்டு வந்தா அது எவ்வளவு பெரிய ஒத்தாச. பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரிங்களுக்கும் இதேதான், பில்லுல டயட்டீசியன் ஃபீஸுன்னு ஒரு வரி போடறீங்க, அந்தம்மா ஆபரேஷன் முடிஞ்ச நாலாம் நாள் வந்து எளநீ குடிக்கலாம்னு சொல்லிட்டுப் போகுது, ஆபரேஷனுக்கு முன்னாடி அனுப்புங்க.

அண்ணன் இப்ப வீட்லதான் இருக்காரு. இரைப்பை முக்கால்வாசி இல்லாததால ஒரு நாளைக்கு ஆறு வேள கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடறாரு, முட்டைக்கு பத்தியம் பாக்கறத நங்கை விட்டுருச்சு. நாற்காலில இருந்து அஞ்சு தடவ எந்திரிக்க போன மாசம் 21 செகண்டு, இந்த மாசம் 17. பேரன் காதுகுத்துக்கு சட்ட வேணும்னு நேத்து கடைக்கே நடந்து வந்தாரு. நெஞ்சு 35½, இடுப்பு 32. கெண்டைக்காலையும் அளந்தேன், எதுக்குடா சட்டைக்கு காலப் புடிக்கறேன்னு கேட்டாரு. 12. நோட்டுல அவரு பக்கத்துல புதுசா ஒரு கட்டம் போட்டு எழுதி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரன்,
ஈரோடு மாவட்டம்.